லிட்டருக்கு நாலரை

படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எரிபொருள் சிக்கனக் கூட்டம் போட்டார்கள். ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிற அத்தனை பேரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. போக்குவரத்து அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். ஆக்சிலேட்டரை மிதிக்காதே, மெல்ல அழுத்து. திடீர் பிரேக் போடாதே. ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றால் இன்ஜினை அணை. வாரம் ஒருமுறை டயருக்குக் காற்று பார். டீசல் மிச்சமாகும், புகை குறையும், உன் பிள்ளை நல்ல காற்றைச் சுவாசிக்கும். சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் கொடுத்த நோட்டீசில் பாதி கண்ணாடி துடைக்கப் போயிற்று, மீதி மண்டப வாசலில் பறந்தது.

அதைப் படித்து அதன்படி நடந்தவன் டில்லிபாபு ஒருத்தன்தான். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவன். புது வண்டி, நல்ல ரோடு. இருபது வருஷமாக மிதித்தே பழகிய காலை ஒரு வாரம் அடக்கிப் பார்த்தான். வேகத்தடைக்கு நூறடி முன்னாலேயே காலை எடுத்தால் வண்டி தானாக உருண்டு வந்து மெத்தென்று ஏறி இறங்கியது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த பஸ் ஐந்து கொடுத்தது. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதற்கு வேறு பெயர் இல்லை. வீட்டில் சோறு போடும்போதுகூட மைலேஜ் பேசினான்.

பஸ்களை கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் விடும் டிரான்ஸ்போர்ட்டில் விஜயராகவன் மேனேஜர். அவருக்குப் புகையும் தெரியாது, காற்றும் தெரியாது, டீசல் தெரியும். டில்லிபாபுவுக்குச் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்து ஷெட் சுவரில் மாட்டினார். அடுத்த மாதம் அந்தப் போட்டோவுக்குக் கீழே ஒரு தாளை ஒட்டினார். இனி எந்த வண்டியும் லிட்டருக்கு நாலரைக்குக் குறையக் கூடாது, குறைந்தால் டிரைவருக்கு வேலை இல்லை.

இடி விழுந்தது வேல்ராஜ் தலையில். டில்லிபாபுவை இந்த டிரான்ஸ்போர்ட்டில் சேர்த்துவிட்டதே வேல்ராஜ்தான். அவனுடையது வல்லம் வடகால் லைன். பழைய வண்டி, குண்டும் குழியுமான ரோடு, திரும்பின பக்கமெல்லாம் டிரெய்லர் லாரி. நாலைத் தாண்டவே இல்லை. ஐம்பத்தைந்து வயதில் இந்த வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டு ஸ்டியரிங் கொடுப்பான்?

வேல்ராஜ் சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில் வைத்துக் கேட்டான்.

"டில்லி, ஒரு வாரம் என் வண்டிய நீ ஓட்டுடா. நீ ஓட்டியும் நாலு தாண்டலன்னா தப்பு என் மேல இல்லன்னு அந்தாளுக்கே புரிஞ்சிரும்."

"இதுக்குப் போய் இன்னாண்ணா கெஞ்சிக்கினு கீற? நான் பேசறேன். உன் வேல எங்கியும் போவாது."

விஜயராகவன் உடனே சரியென்றார்.

திங்கட்கிழமை டில்லிபாபு நல்ல எண்ணத்தோடுதான் ஏறினான். சாயங்காலம் ஷெட்டில் டேங்க் நிரப்பிப் பார்த்தார்கள். நாலுதான். வேல்ராஜுக்கு முகம் மலர்ந்தது. டில்லிபாபுவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. தன் கையில் ஒரு வண்டி நாலா?

யோசித்தான், காரணம் பிடிபட்டது. பட்டியலில் நாலு ஸ்டாப்தான். வேல்ராஜ் பழக்கிவைத்திருந்தபடி, ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பெண்கள் பதினொரு இடத்தில் இறங்கினார்கள். எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்த பெண்கள், மத்தியானம் இரண்டரை மணி வெயிலில் நடக்க வேண்டாமே என்று அவன் ஒவ்வொரு சந்து முனையிலும் நிறுத்தியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் நின்று கிளம்பினால் டீசல் குடிக்காமல் என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமை டில்லிபாபு நிறுத்தவில்லை.

"அண்ணா, வேல்ராஜண்ணா இங்க நிறுத்துவாரு," என்று மதிவதனி என்ற பெண் எழுந்து வந்து சொன்னாள்.

"லிஸ்ட்டுல இல்லம்மா."

மெயின் ரோட்டில் இறங்கி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஐந்து பெண்கள் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். கண்ணாடியில் பார்த்தான். அன்றைக்கு நாலே கால்.

புதன்கிழமை டயருக்கெல்லாம் காற்றுப் பிடித்தான். எதற்காக இந்த வண்டியில் ஏறினோம் என்பதே மறந்துவிட்டது. வியாழக்கிழமை வல்லம் திருப்பத்தில் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் காத்திருந்தபோது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் மிதித்து ஓட்டினால் போதும், வேல்ராஜ் பிழைப்பான். யாருக்கும் தெரியப்போவதில்லை. டிரெய்லர் நகர்ந்தது. டில்லிபாபு மெல்ல அழுத்தினான். காலைக் குறை சொல்ல வேண்டாம், அவனுக்குத்தான் மனசு வரவில்லை.

சனிக்கிழமை நாலே முக்கால்.

"பாத்தியா வேல்ராஜு? அதே வண்டி, அதே ரோடு," என்றார் விஜயராகவன்.

டில்லிபாபு பதறினான். "சார், நான் லிஸ்ட்டுல இருக்கற ஸ்டாப்புல மட்டும்தான் நிறுத்துனேன். அண்ணன் பாவம், பொண்ணுங்களுக்காக எல்லா எடத்துலயும் நிறுத்தும். அதான் சார் டீசல் போவுது..."

"ஓ! இத்தன நாளா இஷ்டத்துக்கு நிறுத்திக்கிட்டு இருந்தாரா?"

கெட்ட குடியே கெடும் என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் மிச்சமிருந்ததும் போயிற்று. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்றார் விஜயராகவன்.

வேல்ராஜ் பஸ்ஸில் ஏறி, சீட்டில் போட்டிருந்த துண்டையும் தண்ணீர் கேனையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். டில்லிபாபு படியோரம் நின்றான்.

"அண்ணா, நான் வேணும்னு பண்ணலண்ணா."

"வுட்றா."

வேல்ராஜ் பழைய வண்டியை ஒருதரம் பார்த்தான். பிறகு டில்லிபாபுவைப் பார்த்தான். குத்திக்காட்டுகிற புத்தி அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"இந்த ஓட்ட வண்டில நாலே முக்கால் எடுத்துக்கினு வந்துட்டியேடா. உன்ன மாரி எவனாலயும் ஓட்ட முடியாது, டில்லி."

அதைக் கேட்டு, அந்த நேரத்திலும், டில்லிபாபுவுக்கு உள்ளே குளிர்ந்தது.