நான்காம் சரணத்துக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை நானாகத் தேடிப்போனது இல்லை, கண்ணுகளா. கச்சிராயபாளையத்தில் தேவிப்ரியாவின் ஜெராக்ஸ் கடைக்கு, கையால் எழுதிய வேறு ஒரு கதையைத் தட்டச்சு செய்யக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்குள் சின்னப்பொண்ணு என்கிற அறுபது வயதுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று என் முறை வரவே இல்லை.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "மலையடிவாரத்துச் சிறிய தேவாலயத்தில் மணியோசை மிதந்து வந்தபோது" —

அடித்துவிட்டேன். சின்னப்பொண்ணு போகிற சபையில் மணி கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் பாய். போன மாதம் முதல் சுவரில் ஒரு பெரிய டிவி.

2

அந்த டிவியில் பாட்டு வரிகளைக் காட்டும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவள் தேவிப்ரியா. அவள் அந்தச் சபைக்காரி அல்ல, அங்காளம்மன் கும்பிடும் குடும்பம். சபைச் செயலாளர் தனசேகரன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார், அவள் செய்தாள்.

தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது, எழுத்துருவை மாற்றினாள். சோதனை பார்த்த அன்று, அவள் திரையில் இருந்ததெல்லாம் டிவியிலும் தெரிந்தது. முதல் பாட்டுக்குப் பதில் யாருடைய ரேஷன் கார்டு விண்ணப்பமோ வந்து நின்றது. "இந்தக் கீர்த்தனை நமக்குத் தெரியாதே" என்று பாயிலிருந்து ஒரு குரல் வந்ததாம். பிறகு, அவள் லேப்டாப்பில் அடுத்து வரும் பக்கமும் சேர்ந்து தெரிகிற மாதிரியும், சபையின் டிவியில் அப்போது பாடுகிற பக்கம் மட்டும் தெரிகிற மாதிரியும் இரண்டு திரையையும் பிரித்து வைத்தாள்.

(பெரிய தவறு இனிமேல்தான். பாட்டுப் புத்தகத்தில் பல்லவியை ஒரு தடவைதான் அச்சடிப்பார்கள். அவளும் ஒரு தடவைதான் அடித்திருந்தாள். சபை பல்லவிக்குத் திரும்பியது, டிவி இரண்டாம் சரணத்துக்குப் போய்விட்டது. நூற்று நாற்பது பாட்டிலும் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் உட்கார்ந்து பல்லவியைச் சேர்த்தாள்.)

எல்லாம் சரியானதும் தனசேகரன் ஒரு விதி போட்டார்: திரையில் இருப்பதை மட்டும் பாடுவோம். கெட்ட மனிதர் இல்லை. ஆளுக்கொரு பக்கம் புரட்டி, ஆளுக்கொரு வரி பாடிய வருஷங்களை அவரும் பார்த்திருக்கிறார்.

3

சின்னப்பொண்ணுவின் புருஷன், சபைப் பதிவேட்டில் சாமுவேல், ஊருக்குச் சடையன். கரும்பு வெட்டியவர். இறந்து ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபம். அதில் அவர் தாமாகக் கட்டிப் பாடிய பாட்டைப் பாட வேண்டும் என்பது அவள் ஆசை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவளுக்கு எழுதவும் தெரியாது. அதனால்தான் சனிக்கிழமை காலை இந்த ஸ்டூல்.

"கோமுகி வத்தினாலும் உம் கிருபை வத்தாது" என்று பல்லவி; கோமுகி அந்த ஊர் அணை. இரண்டாம் சரணத்தில் ஒரு சொல் விட்டுப்போக, அந்த வரியை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள் தேவிப்ரியா.

"நடுவுல புடிச்சா வராதும்மா. மொதல்லருந்து வரணும்."

"ஆயா, ஒரு வரிக்கு முழுப் பாட்டா? இன்னா ஆயா நீ."

"நான் இன்னா பண்றது, அது அப்பிடித்தான் கட்டிக்கினு கெடக்குது."

மறுபடி முதலிலிருந்து பாடினாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பல்லவியைக் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மூன்று சரணம் முடிந்ததும் நிறுத்திக்கொண்டாள். நாலாவது ஒன்று உண்டு என்றும், அதை அவர் மட்டும் கண்ணை மூடிப் பாடுவார் என்றும், தான் பல்லவிக்குத்தான் சேர்ந்துகொள்வது என்றும் சொன்னாள். சபையில் கேட்டுப் பார்த்தாளாம். எல்லாருக்கும் ராகம் தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை.

4

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். வராமல் எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

தேவிப்ரியா என் பக்கம் திரும்பினாள். கதை எழுதுகிறவங்கதானே, நாலு வரி போட்டுக் கொடுங்க என்றாள். கொடுத்தேன். என் கதைத்தாளின் பின்பக்கத்தில் ராகத்துக்குப் பொருந்த நாலு வரி. கரும்புத் தோகை, வெட்டுக்கத்தி, அணைத் தண்ணீர், எல்லாம் வைத்தேன். (நல்ல வரிகள். இப்போதும் கொஞ்சம் பெருமை இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதவில்லை.)

தேவிப்ரியா அதைப் பாடிக் காட்டினாள். சின்னப்பொண்ணு முழுதும் கேட்டாள்.

"நல்லாக்கீதுங்க. அவுரு இன்னா பாடுனார்னு எனக்குத் தெரியாது. ஆனா இது இல்ல."

சரி, மூன்றோடு முடித்துவிடலாமா என்று தேவிப்ரியா கேட்டாள்.

"மூணோட முடிச்சா மூணுதான்னு நெனச்சிக்குவாங்க. நாலு இருந்துச்சி."

தேவிப்ரியா சற்று யோசித்து, மூன்றாம் சரணத்துப் பல்லவிக்கும் கடைசிப் பல்லவிக்கும் நடுவே எழுத்தில்லாத ஒரு கருப்புப் பக்கத்தைச் சேர்த்தாள். பட்டியலில் அதற்குப் பெயர் வைக்கச் சொல்லி மென்பொருள் கேட்டது. "சரணம் 4" என்று அடித்தாள்.

5

முடிவுகள். கையில் இரண்டு வைத்திருந்தேன்.

ஒன்று: திரை கருப்பாகிறது. பாயிலிருந்து, சடையனோடு கரும்பு வெட்டிய ஒருவர் எழுந்து அந்தச் சரணத்தை —

இல்லை. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.

இரண்டு: "இன்னாம்மா, ரிப்பேரா?" என்று தனசேகரன் கேட்கிறார். எல்லாரும் சிரித்து, அடுத்த பாட்டு. இதுவும் வேண்டாம். அவருக்கு நான் அவ்வளவு அநியாயம் செய்யக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். லேப்டாப் முன்னால் தேவிப்ரியா உட்கார்ந்திருந்தாள். மூன்று சரணமும் பாடினார்கள். பல்லவி முடிந்தது. திரை கருப்பானது. தனசேகரன் திரும்பித் தேவிப்ரியாவைப் பார்த்தார். அவள் சின்னப்பொண்ணுவைப் பார்த்தாள். சின்னப்பொண்ணு கண்ணை மூடியிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன கேட்டது என்று நான் எழுதினால், அந்த நாலு வரியை மறுபடியும் நானே போட்டதாகிவிடும். சின்னப்பொண்ணு ஏற்கெனவே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

உங்களில் யாராவது வந்து தேவிப்ரியாவின் நாற்காலியில் உட்காருங்கள். உங்கள் திரையில் அடுத்த பல்லவி தெரிகிறது. சபைக்குத் தெரியவில்லை. சடையன் பாடி முடித்துவிட்டார் என்று எப்போது தோன்றுகிறதோ, அப்போது அழுத்துங்கள்.