கயிற்றில் தொங்கிய வருஷம்

ஞானரத்தினம் இடுப்பில் பிள்ளையும் தோளில் அந்த ஒட்டுமெத்தையுமாகக் கோயில் வாசலில் நுழைவதைப் பார்த்ததும், ஜெயக்கொடிக்கு வாயில் கவ்வியிருந்த குண்டூசிகள் தொண்டைக்குள் இறங்கிவிடும் போல இருந்தது. ஊர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, தான் தைத்துக் கொடுத்ததையெல்லாம் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள் என்று கெஞ்சி வாங்கி வந்தவள், ஒரே ஒருத்தியிடம் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒருத்திதான் இப்போது வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்தச் சின்னச் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு மற்றவர்கள் பூசணிக்காயும் நெல்லும் கால் கட்டிய சேவலும் கொண்டுவருவார்கள். தையல்காரி தன்னுடைய வருஷத்தைக் கொண்டுவர வேண்டும். பெண்கள் சங்கத்துக்கு ஒரு கைமிஷின் சொந்தமாக இருந்தது. அதை வைத்துப் பிழைக்கிறவள், போன பண்டிகையிலிருந்து இந்தப் பண்டிகைவரை தைத்ததையெல்லாம் உடுத்தியவர்களிடமிருந்தே வாங்கி வந்து, வேப்பமரத்துக்கும் கோயில் ஜன்னலுக்கும் நடுவே கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். துவைத்திருக்கலாம். ஆனால் இஸ்திரி போடக் கூடாது, கிழிந்ததைத் தைக்கவும் கூடாது. புதிதாக இருக்கும்போது எல்லாத் தையலும் யோக்கியமாகத்தான் இருக்கும், உடுத்திக் கசங்கிய பிறகுதான் தைத்தவளின் லட்சணம் தெரியும் என்பது சங்கத் தலைவி கிருபாபாய் அம்மாள் போட்ட சட்டம். கயிற்றைப் பார்த்து முடித்து, மிஷின் அவளிடமே இருக்கலாமா, வேறு கைக்குப் போக வேண்டுமா என்று அவர் வாயால்தான் சொல்வார். இந்த வருஷம் ராஜபாளையத்துச் சபைக்காரர்களும் இந்த மிஷினைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். இருமலோடு வீட்டில் கிடக்கிற புருஷன் தேவஇரக்கத்தையும் அடுப்பையும் அந்த மிஷின்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

“ஏன்க்கா, எல்லார் வீட்டுலயும் கேட்டு வாங்கிருக்கீக. எங்கிட்ட மட்டும் வேண்டாம்னுட்டீகளே?” என்றாள் ஞானரத்தினம்.

“பிள்ளைக்குக் குளிருமேன்னுதான்.”

“ஒரு காலைக்கு என்ன குளிரு வந்துரும்? இம்புட்டு அழகாத் தச்சத வீட்டுக்குள்ளயா பூட்டி வைக்கது? முன்னால போடுங்கக்கா. வாரவிய எல்லாம் பாக்கட்டும்.”

ஜெயக்கொடி மெத்தையை வாங்கி விரித்தாள். தலைமாட்டு மூலையில் மேல்துணி நைந்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து சந்தன நிறப் பட்டு எட்டிப் பார்த்தது. பட்டில் ரோஜா மொட்டு ஒன்று, பாதி.

“பல்லு முளைக்குல்லா, அதான். எந்நேரமும் அந்த மூலையத்தான் சப்புதா. அது வாயில இல்லாட்டா ஒறக்கமே கிடையாது” என்று ஞானரத்தினம் மகளின் கன்னத்தைத் தட்டினாள்.

மேலே போட்டது கண்ட்ரோல் கடைத் துணி. யுத்தம் முடிந்துவிட்டது என்று தண்டோரா போட்டார்களே தவிர, துணிக்கு வரிசையில் நிற்பது முடிந்தபாடில்லை. அந்தத் துணியில் இழையைவிடக் கஞ்சிதான் அதிகம் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். ஆனால் ஒரு குழந்தையின் எச்சிலுக்கே அது இப்படிக் கரையும் என்று அவள் நினைக்கவில்லை.

அந்தப் பட்டு லீதியாளுடையது. கிருபாபாய் அம்மாளின் ஒரே மகள். கல்யாண ஜாக்கெட்டுக்கென்று அவள் அப்பா எலியேசர், கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே கொழும்பிலிருந்து வாங்கி வந்து பெட்டியில் வைத்திருந்தார். ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒரு துணி கிடையாது. பங்குனியில் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்திருந்த நேரத்தில் விஷக்காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். கல்யாணச் சேலையோடுதான் அனுப்ப வேண்டும் என்று தாய் ஒற்றைக் காலில் நின்றதால், ஜெயக்கொடி அந்த வீட்டுக்கே மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஜாக்கெட்டைத் தைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த கிருபாபாய் அம்மாள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். “அக்குள்ள இறுக்காமத் தைட்டீ. இறுக்கினா அவளுக்குப் பிடிக்காது” என்றார்.

சாவுத்துணி தைத்தால் மிச்சம் வைக்கக் கூடாது. வெட்டிப்போட்ட துண்டு, அறுந்த நூல், தைத்த ஊசி எல்லாம் சவப்பெட்டிக்குள் தலைமாட்டில் போய்விட வேண்டும். ஒரு துண்டு வெளியே நின்றாலும் அது அடுத்த ஆளைத் தேடும் என்பார்கள். வேதத்தில் இப்படி எங்கேயும் எழுதவில்லை என்று உபதேசியார் பிரசங்கம் செய்வார். செய்தவர்தான் தன் மாமனார் பெட்டியில் ஊசியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டார். ஜெயக்கொடியும் அள்ளித்தான் போட்டாள். ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சிய ஒரு துண்டை அவள் கை மடியில் செருகிக்கொண்டது. திருட வேண்டும் என்று நினைக்கவில்லை. பாவாடைக்கு நாடா வைக்கக்கூடத் துணி இல்லாமல் பெண்கள் திண்டாடுகிற வருஷத்தில், அப்படி ஒரு பட்டை மண்ணுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆடியில் ஞானரத்தினம் பெற்றாள். அதற்கு முன் பெற்ற இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது, மற்றது தலை நிற்பதற்குள் போனது. ராஜபாளையத்து மில்லில் வேலை பார்க்கிற அவள் புருஷன் ராபர்ட், ஒரு மூட்டைக் கண்ட்ரோல் துணித் துண்டோடு வந்து, பிள்ளைக்கு மெத்தை வேண்டும் என்று நின்றான். பழந்துணியை அடுக்கி உள்ளே வைத்து, மேலே சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்டு, இழையோடித் தைக்கிற மெத்தை. தைக்கும்போது அந்தப் பிள்ளைமேல் ஜெயக்கொடிக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. இருக்கிறதிலேயே மெத்தென்ற துணி தலைக்குக் கீழே வரட்டும் என்று மடித்த பட்டை அந்த மூலையில் வைத்து மூடினாள். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. பிள்ளைக்கு ஒரு தும்மல் என்றாலும் அவள் கர்த்தரிடம் ஓடினாள்.

பிள்ளை கொழுகொழுவென்றுதான் வளர்ந்தது. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். ஆனால் தாய்க்குத் தெரிந்தால்? ஞானரத்தினம் மகளை இன்னொருத்தர் கையில் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. குருவானவரே ஞானஸ்நானத் தண்ணீரை அவள் கையில் இருந்த பிள்ளைக்குத்தான் தெளிக்க வேண்டியிருந்தது. கண்படாமலிருக்கப் பிள்ளை மணிக்கட்டில் வசம்பு, அது சபைக்குத் தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை. செத்தவள் பெட்டியில் போயிருக்க வேண்டிய துணியைத்தான் பிள்ளை அல்லும் பகலும் சப்புகிறது என்று கேட்டால் அவள் புத்தி பேதலித்துவிடும். மிஷின் போனால் போகட்டும், சித்தாள் வேலைக்காவது போகலாம். அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஜெயக்கொடி மெத்தையைக் கயிற்றின் கடைசியில், ஜன்னலோரம் போட்டாள். யாரும் பார்க்காதபோது ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து மூலையைப் பிடித்தாள். நாலு தையல் போதும்.

“ஏட்டி ஜெயக்கொடி! பண்டிகை அன்னைக்கு ஊசி எடுக்கியோ?”

கிருபாபாய் அம்மாள்தான். மகள் போன பிறகு அவர் கோயிலுக்கு வருவார், ஜெபிப்பார், போய்விடுவார். சங்கத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. இந்த வருஷம் கயிற்றை வேறு யாராவதுதான் பார்ப்பார்கள் என்று ஜெயக்கொடி நம்பியிருந்தாள்.

“இல்ல பெரியம்மா. குத்திருந்தது வழுவிட்டு. அதான்” என்று ஊசியை மறைத்தாள். நைந்த மூலையை உள்பக்கமாக மடித்து, குண்டூசி ஒன்றைக் குத்திவிட்டு நகர்ந்தாள்.

கிருபாபாய் அம்மாள் வேப்பமரத்துப் பக்கமிருந்து ஆரம்பித்தார். முதலில் கூமாப்பட்டி வெள்ளத்தாயின் ரவிக்கை. வேறு சாமி கும்பிடுகிறவள் என்றாலும், நல்லா உழைச்சிருக்குன்னு போய்க் காட்டு என்று அவளே கழற்றிக் கொடுத்திருந்தாள். அறுப்பு அறுத்து முதுகு வெளுத்திருந்தது, அக்குள் தையல் அசையவில்லை. அடுத்து சுந்தரபாண்டியத்து வாத்தியாரின் கோட்டைப் பிரித்து அவர் பையன்களுக்குத் தைத்த டவுசர்கள். பட்டாளத்திலிருந்து திரும்பியவன் கொடுத்த கம்பளிச் சட்டையை வெட்டிச் செய்த பிள்ளைச் சட்டை. ராஜபாளையத்து ராஜு வீட்டம்மா, “பாகுந்தி, பாகுந்தி” என்று தெலுங்கில் மெச்சி வாங்கிப்போன தலையணை உறைகள். ஒவ்வொன்றாக உள்புறம் திருப்பி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, தையல் தும்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மற்ற வருஷமென்றால் அவர் ஒரு டவுசரைத் திருப்பும்போதே ஜெயக்கொடிக்குக் கர்வம் தலைக்கேறும். இத்தனையும் நான் தைத்தேனா என்று மலைத்து நிற்பாள். இன்றைக்கு அந்த நல்ல தையல் ஒவ்வொன்றும் அவரைக் கடைசி மூலைக்குச் சீக்கிரம் அனுப்பிவைத்தது. ஒரு சட்டையிலாவது தும்பு பிரிந்திருந்தால் நின்று ஏசுவார், ஏசி முடிப்பதற்குள் ஆராதனை மணி அடித்துவிடும். பாழாய்ப்போன கை, ஒன்றைக்கூடக் கெடுத்து வைக்கவில்லை.

“எங்க பிள்ள மெத்தையப் பாருங்க பெரியம்மா” என்று ஞானரத்தினமே கூட்டி வந்தாள்.

கிருபாபாய் அம்மாள் மெத்தையைத் தடவினார். குண்டூசி கையில் தட்டியது. உருவினார். மூலை விரிந்தது.

அவர் விரல் அந்த ஓட்டைக்குள் போய், உள்ளே எதையோ தேடுவது போல மெதுவாக அசைந்தது. பட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். இப்போது மொட்டு முழுசாகத் தெரிந்தது.

“ஏட்டி, இதுக்கு உள்ள என்ன வச்சுத் தச்சே?”

ஞானரத்தினம் முந்திக்கொண்டாள். “பட்டு வச்சிருக்காக பெரியம்மா! மூலை பிஞ்ச பொறவுதான் எனக்கே தெரியும். பிள்ளைக்குத் தலை நோவக் கூடாதுன்னு, வெளியத் தெரியாம உள்ளுக்குள்ள பட்டு. யாரு செய்வா இப்படி?”

“யாரு பட்டுன்னு கேட்டியா?”

“பெரியம்மா...” என்றாள் ஜெயக்கொடி.

“ஒங்கிட்ட கேக்கல.”

“கேக்கலியே” என்று ஞானரத்தினம் சிரித்தபடியே திரும்பினாள். “யாருதுக்கா?”

இரண்டு தாய்களும் அவளைப் பார்த்தார்கள். சந்தையில் வாங்கினேன் என்று சொன்னால் ஒருத்தியின் முகத்துக்கு நேரே அவள் மகளை இல்லை என்று சொன்னதாகும். உள்ளதைச் சொன்னால் மற்றவளைக் கொன்றது போல. ஜெயக்கொடி புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் பிள்ளை மெத்தையைக் கண்டுகொண்டது. எட்டித் தாவி மூலையைப் பிடித்து இழுத்து, பழகிய இடத்தை வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கியது. கிருபாபாய் அம்மாள் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கத்திரி கொண்டா” என்றார்.

ஜெயக்கொடி இடுப்பிலிருந்து கத்திரியை உருவிக் கொடுத்தாள்.

“கத்திரி எதுக்குப் பெரியம்மா?” ஞானரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

கிருபாபாய் அம்மாள் கயிற்றிலிருந்து மெத்தையை உருவித் தன் பக்கம் இழுத்தார். பிள்ளை விடவில்லை. இன்னும் இழுத்தார். பிள்ளை மூலையைக் கவ்வியபடியே முன்னால் சாய்ந்தது, தாயின் இடுப்பிலிருந்து வழுகியது, விழுந்துவிடுமோ என்று அவர் நீட்டிய கையில் மெத்தையோடு மெத்தையாகப் போய்ச் சேர்ந்தது. ஞானரத்தினத்தின் கை ஒரு நொடி பிந்திவிட்டது.

கோயில் படியில் உட்கார்ந்து அவர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார். பட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக் கத்திரியை அருகே கொண்டுபோனார். பிள்ளை இந்தப் புது முகத்தை அண்ணாந்து பார்த்தது. சப்புவதை நிறுத்தாமலே ஒரு ஈரக் கையை நீட்டி அவர் மோவாயைப் பிடித்தது. கத்திரி அப்படியே நின்றது. பிறகு எப்போது அது படியில் இறங்கியது என்று ஜெயக்கொடி கவனிக்கவில்லை. பட்டைத் திரும்ப உள்ளே தள்ளாமல், வெளியே தெரியும்படியே பிள்ளையின் கன்னத்துக்குக் கீழே அணைத்து வைத்து அவர் தட்டிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

மணி அடித்தது. ஜனங்கள் சேவலையும் பூசணிக்காயையும் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போனார்கள்.

“தாங்க பெரியம்மா, மணி அடிச்சிட்டு” என்று ஞானரத்தினம் கைகளை நீட்டினாள்.

கிருபாபாய் அம்மாளுக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

“பெரியம்மா, பிள்ளையத் தாங்க.” இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. அவள் திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தாள். அந்த முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“அக்கா, அது யாரு பட்டு?”

பிள்ளை தாயின் கைகளைப் பார்க்கவில்லை. புது மடியில் முகத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. கடைசி ஆளும் உள்ளே போன பிறகும், நீட்டிய கைகளை மடக்காமல் ஞானரத்தினம் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.