வாங்கும் முன் போய் நில்

எங்கள் வட்டத்தில் யாருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் கிடையாது. செய்த முட்டாள்தனத்தின் பெயர்தான். கிணறும் சேர்த்து வாங்கியதாக நினைத்துக்கொண்டு, அளந்து பார்த்தபோது அது பக்கத்து ஆள் நிலத்தில் இருக்கக் கண்டவர் ‘கிணறு’. பத்திரத்தில் ஒரு புள்ளியைக் கவனிக்காமல் ஐந்து ஏக்கருக்குப் பணம் கட்டியவர் ‘அரை ஏக்கர்’. பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் வாங்கிய மனைக்கு நேர் மேலே பெரிய மின்சாரக் கம்பி போவதை, வீடு கட்ட வந்த மேஸ்திரி அண்ணாந்து பார்த்த பிறகுதான் அவரும் அண்ணாந்து பார்த்தார். அவர் ‘மின்கம்பி’. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறவர், பாவம்.

எனக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை. ‘தலைவர்’ என்பார்கள். வட்டத்தை ஆரம்பித்தவன் நான், எட்டு வருஷமாக நடத்துகிறவனும் நான். நான் தப்பே செய்ததில்லை என்பது எல்லோருடைய நம்பிக்கை. அதைக் கெடுக்க நானும் முயற்சி எடுக்கவில்லை.

நிலம் வாங்கி, சீர் செய்து, பிரித்து விற்பதுதான் எங்கள் தொழில். சறுக்கினால் வீட்டில் சொல்ல முடியாது, ஆபீஸில் சொல்லக்கூடாது. சொல்ல ஓர் இடம் வேண்டுமே என்றுதான் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் டயர் கடை மாடியில் கூடுகிறோம். நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அன்றைக்கு யாருக்குப் பிரச்சினையோ அவர் அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். அறிவுரை சொன்னால் எல்லோருடைய டீ கிளாஸையும் சொன்னவரே கழுவ வேண்டும்.

இந்தச் சட்டமும் நான் போட்டதுதான். நிலம் வாங்குகிறவனை அறிவுரை சொல்லாமல் இருக்கச் சொல்வது தும்மாமல் இருக்கச் சொல்வது மாதிரி. மின்கம்பி கழுவாத கிளாஸே அங்கே இல்லை. நான் ஒன்றுகூடக் கழுவியதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் இல்லை. அதில் உட்காருகிறவர்கள் எல்லோரும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே பேசுவார்கள். பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

சுவரில் என் கையெழுத்தில் ஒரு போர்டு தொங்குகிறது: ‘வாங்கும் முன் போய் நில்.’

அன்று காலை என் தங்கச்சி போன் செய்தாள். போன மாதம்தான் அவள் தனியாக ஒரு விற்பனை ஆபீஸ் திறந்திருந்தாள், பெயர்ப்பலகை கூட இன்னும் மாட்டவில்லை. முதல் வேலையாக நான் கொடுத்தது ஓர் ஆறு ஏக்கர்.

“அண்ணா, அந்த ஆறு ஏக்கர் முடிஞ்சிடுச்சு! யாரோ ஒரு அம்மா. இன்னைக்கு நாலு மணிக்கு வந்து கையெழுத்துப் போடறாங்க.”

“பேஷ்” என்றேன். மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. மதியம் டயர் கடைப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.

நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வட்டத்துக்கு வந்து மூன்றாவது மாதம், இன்னும் எதுவும் வாங்கவில்லை, அதனால் பட்டப்பெயரும் வரவில்லை. வந்ததும் தலைகளை எண்ணுவார். பஸ் பழக்கம்.

“நாலு. நான் அஞ்சு. சரி, ஆரம்பிக்கலாம்” என்று சொல்லி வரைபடத்தை விரித்தார். “வேலைய விட்டப்ப வந்த காசு மொத்தமும் இதுலதான் போடப் போறேன். ஆறு ஏக்கர். இன்னைக்கு நாலு மணிக்குக் கையெழுத்து. அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு, அவ்வளவு அருமையாப் பேசுது.”

பிடி உடைந்த கோப்பை மாதிரி ஒரு வடிவம். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் நிலம். பத்திரத்தில் என் மனைவி பெயர் இருந்ததால் அக்காவுக்குத் தெரிய வழியில்லை.

அந்த ஆறு ஏக்கரை நான் போய்ப் பார்க்காமல் வாங்கினேன். போக நேரமில்லை. அன்றைக்கு இருபது பேருக்கு ‘வாங்கும் முன் போய் நில்’ என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டீ இடைவேளையில் நாலு போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டேன். போட்டோ எல்லாம் வெயில் காலத்தில் எடுத்தவை. வரைபடத்தில் பன்னிரண்டடிப் பாதை என்று இருப்பது பாதையே இல்லை, வாய்க்கால். வருஷத்தில் ஐந்து மாதம் தண்ணீர், மீதி மாதம் சேறு. வாங்கிய பிறகு போனபோது கார் கதவு வரை இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தேன். வீட்டில் பஞ்சர் என்று சொன்னேன். தங்கச்சியிடம் “நல்ல இடம், விலைக்காகக் காத்திருக்கேன்” என்றேன். ஊருக்குத்தானே உபதேசம்!

கேள்விகள் ஆரம்பித்தன.

“எல்லைக்கல் எல்லாம் சரியா இருக்கா? கிணறு யார் பக்கம்?” என்றார் கிணறு.

“கிணறே இல்லீங்க” என்றார் அக்கா.

“பத்திரத்துல ஆறுக்கு முன்னாடி புள்ளி இருக்கா?” என்றார் அரை ஏக்கர்.

“பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டேன். இல்ல.”

“அண்ணாந்து பாத்தீங்களா?” என்றார் மின்கம்பி.

“கம்பியும் இல்ல, டாக்டர்.”

எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வட்டத்தில் ஒவ்வொருவரும் தனக்கு அடிபட்ட இடத்தைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். அதனால்தான் வட்டமே வேலை செய்கிறது. பாதையைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் ஒருவன்தான். அவன் எட்டு வருஷமாகத் தப்பே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான்.

“தலைவரே, நீங்க ஒண்ணும் கேக்கலயே?” என்றார் அக்கா. “நீங்க சரின்னா நான் கெளம்பிடுவேன். இங்கேருந்து அரை மணி நேரம்.”

கேள்வியாகவே கேட்டுக் கரையேறிவிடலாம் என்று பார்த்தேன்.

“போய் நின்னீங்களா?”

“பேரனுக்குக் காய்ச்சல். போக முடியல. போட்டோ பாத்தேன்.”

“மழைக்கு அப்புறம் எடுத்த போட்டோவா?”

“தெரியலயே. ஏன்?”

“அந்தப் பாதைல பஸ் போகுமா?”

அக்கா சிரித்தார். “பன்னெண்டடி! கண்ண மூடிட்டு ஓட்டுவேன், தலைவரே.”

வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தார். பையின் ஜிப்பை இழுத்தார். பாதி வந்து மாட்டியது. திரும்ப இழுத்தார்.

“வாங்காதீங்க” என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“அது கேள்வி இல்ல” என்றார் மின்கம்பி. அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தத்தை நான் பார்த்ததில்லை.

“கழுவறேன்யா, கழுவறேன்! அக்கா, அது பாதை இல்ல. வாய்க்கால். கார் மூழ்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மூன்று வருஷம் சாப்பிட்டாயிற்று. இனி இலையில் சோறு இல்லை.

“என் கார் மூழ்கிச்சு. அது என் எடம்.”

அக்கா எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இடது பக்கம் சாய்ந்தேன். நிமிர்ந்ததும் வலது பக்கம் சாய்ந்தேன். ஒரு கால் குட்டை. எட்டு வருஷமாக இந்த மனிதர்கள் பயந்து ஆடவில்லை, நாற்காலிதான் ஆடியிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தான் வாங்கப் போறேன்னு தெரியுமா?” என்றார் அக்கா.

“சத்தியமாத் தெரியாது. இப்பதான் பாத்தேன்.”

“நானா இல்லாம, வேற யாரோ ஒரு அம்மாவா இருந்தா?”

காலையில் தங்கச்சி சொன்ன அதே வார்த்தை. பேஷ் என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது.

“வித்திருப்பேன்” என்றேன்.

அப்போது என் போன் அடித்தது. தங்கச்சி.

“அண்ணா, அந்தம்மாவ இன்னும் காணோம், நம்பர் தரேன். நீ கொஞ்சம் பேசேன், மொத விற்பனை, கைநழுவிடப் போகுது.”

“அது விக்கறதுக்கு இல்லம்மா. உள்ள போக வழி கெடையாது. வழின்னு போட்டிருக்கறது வாய்க்கால்.”

பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“எப்போலேருந்து தெரியும்?”

“மூணு வருஷமா.”

“நல்ல எடம், நல்ல எடம்னு அம்பது பேர்கிட்ட சொல்லியிருக்கேன்ணா. என் வாயால.” வைத்துவிட்டாள்.

பஞ்சர், டிராக்டர் உட்பட முழுக்கதையையும் சொல்லிவிட்டுக் கிளாஸ்களைக் கழுவினேன். ஐந்துதான். ஆனால் கைக்குப் பழக்கமில்லாததால் வெகு நேரம் ஆனது. எனக்குப் பின்னால் பெயர் வைக்கும் விவாதம் நடந்தது. பஞ்சர் என்றார் கிணறு. டிராக்டர் என்றார் அரை ஏக்கர்.

“அடிபட இருந்தது நான். நான்தான் வைப்பேன்” என்றார் அக்கா. “வாய்க்கால். பேரு முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம காலைல எல்லாரும் அங்க போறோம். போர்டுல எழுதினபடி போய் நிக்கறோம். அந்த ஆபீஸ் பொண்ணு உங்க தங்கச்சிதானே, அதையும் கூட்டிட்டு வாங்க.”

தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தங்கச்சி வேனில் என் பக்கத்தில் உட்காரவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. முந்தின நாள் மழை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகி, ஒரு கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டே முதலில் இறங்கினார். அவர் கால் வைத்த இடத்திலேயே மற்றவர்களும் கால் வைத்தார்கள். நான் மட்டும், என் நிலம்தானே என்று, நாலடி தள்ளி இறங்கினேன். முழங்காலுக்கு மேல் போய்விட்டது. ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது, போனதுதான்.

இழுத்துப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினேன். மூன்று வருஷமாக என் நிலம். கார் மூழ்கிய அன்றைக்கு இக்கரையோடு திரும்பிவிட்டேன். அதில் கால் வைத்தது அன்றுதான்.

தூரத்தில் புல்மேட்டில் அக்கா விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருமுறை எண்ணினார், திருப்தியில்லாமல் மறுபடியும் எண்ணினார்.

“அஞ்சு பேர்தான் இருக்கோம்” என்று கத்தினார். “வாய்க்கால் எங்க?”

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள்.

ஒற்றைச் செருப்போடு கையைத் தூக்கினேன்.

“இருக்கேன்” என்றேன்.