தூசி துடைத்த கேலக்ஸி

அஸ்தினாபுரம் குடியிருப்போர் சங்கத் தலைவர் துளசிங்கத்துக்கு ‘அறிவியல் செம்மல்’ என்று பட்டம். வழங்கியது சங்கம். சங்கம் என்றால் அவரும் அவர் மச்சானும்.

அவர் நடத்திய அறிவியல் விழாவுக்குத் தபஸ்ஸும் என்ற பெண் ஒரு படம் கொடுத்திருந்தாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வானம். எங்கோ ஒரு தொலைநோக்கி எடுத்துப் பொதுவில் போட்டிருந்த பதிவுகளை நான்கு மாதம் அடுக்கிச் சலித்து, அந்தப் படத்தை வரவழைத்திருந்தாள். பெரிய கேலக்ஸி ஒன்று பக்கத்துச் சின்னதைப் பிய்த்துத் தின்கிறது. பிய்ந்த நட்சத்திரங்கள் மெல்லிய தாரையாக இழுபட்டுக் கிடக்கின்றன. சிறப்பு விருந்தினர் பேராசிரியர் ராஜாராமன் பகுதிநேர ஆய்வுக்கு ஆள் தேடுகிறார். ‘தாரையை விழாவில் காட்டுகிறேன்’ என்று அவருக்கு எழுதியும் இருந்தாள்.

விழாவன்று காலையில், அவள் படத்தை அச்சடித்த ஃப்ளெக்ஸைப் பார்த்தால், இரண்டு கேலக்ஸியும் பளிச்சென்று இருந்தன. நடுவே தாரை இல்லை. ஓரத்தில் கைகூப்பியபடி துளசிங்கம்.

“இன்னாக்கா அப்படிப் பாக்குற? நடுவுல அழுக்கு மாரி ஒரு கோடு இருந்துச்சு, தொடச்சிட்டேன்,” என்றான் ஃப்ளெக்ஸ் கடை வெற்றிவேல். “தலைவர் முகத்துலயும் கரும்புள்ளி எடுத்துக்கீறேன். அவுருதான் பாத்து ஓகே பண்ணாரு.”

எந்த ஃப்ளெக்ஸானாலும் தலைவர் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். அவர் பார்ப்பது தன் முகத்தை மட்டும்.

மாற்ற நேரமில்லை. பேராசிரியர் வந்ததும் தபஸ்ஸும் செல்போனில் அசல் படத்தை நீட்டினாள். “பிரிண்ட்ல அழிச்சிட்டாங்க சார்.”

அவர் செல்போனையும் ஃப்ளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “அழிச்சாங்களா?”

“எங்க ஃப்ளெக்ஸ்ல யாரும் கை வைக்க மாட்டாங்க சார்,” என்றார் துளசிங்கம். “இன்னாடா வெற்றி?”

அடுத்த மாதம் தலைவர் மகளுக்குக் கல்யாணம், அறுபது ஃப்ளெக்ஸ். வெற்றிவேல் தரையைப் பார்த்தான். “நான் ஒண்ணும் தொடல. அக்கா குடுத்தத அப்படியே அடிச்சேன்.”

தபஸ்ஸும் அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

“ஆர்வம் இருக்கலாம்மா,” என்றார் பேராசிரியர், செல்போனைத் திருப்பிக் கொடுத்தபடி. “ஆனா டேட்டால இல்லாதத வரையக் கூடாது.”

பிறகு மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொண்டு, அறிவியலுக்கு நேர்மை முக்கியம் என்று இருபது நிமிடம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தபஸ்ஸும், எல்லோரும் தட்டிய இடங்களில் தானும் கைதட்டினாள்.