நூல் கோக்காத மெஷின்

என் கணவர் எழுதிய நாவலில் ஒரு தையல்காரி வருகிறாள். அவள் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

போன் அடித்தால் அவள், யாராவது வீட்டுக்கு வந்தால் அவள். "அந்தப் பொம்பளை மனசு எவ்வளவு ஆழம் சார்!" என்று ஒரு பேங்க் மேனேஜர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து கண் கலங்கினார். கதையில் அவள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. யார் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பாள். புருஷன் வீட்டில் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, ஊசியில் நூல்கூடக் கோக்காமல் தையல் மெஷினை ஓட்டுவாள்.

"அழுற சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதானே?" என்றார் மேனேஜர்.

என் கணவர் மோட்டுவளையைப் பார்த்துச் சிரித்தார். "அதைச் சொல்லாம விட்டதுதான் சார் கலை."

எனக்குப் பொறி தட்டியது. நான் தலைவலி என்று படுத்தால்கூட "காபி கிடைக்காதா?" என்று கேட்கிற மனிதர் இவர். ஒரு பெண்ணின் அழுகையை இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். எவள் அவள்?

கேட்டேன். "கற்பனைடி" என்றார். நம்புவேனா? சட்டைப் பையைத் துழாவினேன், போனை நோண்டினேன். தெருமுனைத் தையல் கடைக்கு, நானே கிழித்த ஜாக்கெட்டோடு போய் நின்றேன். மெஷினில் உட்கார்ந்திருந்தது நரைத்த மீசைக்காரர்.

கடைசியில் அச்சகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் போடும் பெண்ணுக்கு என்னைத் தெரியும். தையல்காரியின் பேச்சை எடுத்ததுமே சிரித்துவிட்டாள்.

"அது பெரிய கூத்துக்கா. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். புக்கு ரெண்டு பக்கம் கூடிப்போச்சு. அதுக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட முடியாதுன்னு ஓனர் கத்தினார். சார்கிட்ட கேட்டேன். 'அவ ஏன் அப்படி இருக்கான்னு விளக்குற இடத்தைத் தூக்கிடு'ன்னார்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"அவ ஒரு மக்காம். மனசுல ஒண்ணுமே கிடையாதாம், அதான் 'ஒண்ணுமில்ல'ங்கறாளாம். மெஷின்ல நூல் இல்லங்கறதுகூட உறைக்காதாம். மொதல்ல எழுதினதுல மெஷினே இல்லக்கா, மிக்சி. ஜார்ல எதுவும் போடாம ஓடவிட்டு முன்னாடி நிப்பா. அப்புறம் என்ன நெனச்சாரோ, மாத்திட்டார்."

அந்த மிக்சி முன்னால் நின்றவள் நான்.

அம்மா இறந்த சமயம் அது. முன்னறையில் இவரும் மாமியாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலி மிக்சியை ஓடவிட்டு அழுதேன். இவர் எந்த இடுக்கு வழியாகவோ பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மக்கு என்று முடிவு கட்டியிருக்கிறார். என் கையால் ஒரு டம்ளர் காபி குடித்ததைத் தவிர என்னைப் பற்றி எதுவும் தெரியாத மேனேஜருக்கு அந்த அழுகை கேட்டிருக்கிறது. வேறொருத்தி இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் போனில் இருந்தார். "அவ மனசுல என்ன இருக்குன்னு நான் சொல்லவே மாட்டேன்" என்று யாரோ ஒரு வாசகரிடம் குழைந்துகொண்டிருந்தார்.

நேராகச் சமையலறைக்குப் போனேன். காலி ஜாரை மாட்டி மிக்சியை ஓடவிட்டேன். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. அழவும் இல்லை.

போனோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். ஜாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"என்னாச்சு? என்ன யோசிக்கிற?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை இவர் கேட்டதே இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை. போனில் யாரோ "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.