மாக்கியின் இடது இறக்கை

மரத்தில் போய் யாராவது விமானம் செய்வார்களா? வளைகுடா நகரமொன்றின் முவைலா பகுதியில் இருந்த அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீலாவின் மனம் இதையே கேட்டுக்கொண்டிருந்தது. போருக்குப் பிந்தைய இத்தாலியில் பிறந்த ‘மாக்கி’ ரக விமானம் அது. இரண்டு எஞ்சின், ஆறு பேருக்கு இடம். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே செய்தார்களாம். பழைய வாகனங்கள் சேர்க்கும் செல்வந்தர் ஒருவர் அதில் ஒன்றை எங்கோ தேடிப்பிடித்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்.

“கட்டில் செய்ய ஆரம்பிச்சவன், பாதியில மனசு மாறி றெக்கை வச்சுட்டான் போல மேடம்” என்பார் தச்சர் உடையப்பன்.

மரத்தைச் சோதிக்கும் பொறியாளர் நீலா. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவாள். பசை பிடித்த இடம் கணீரென்னும். விட்ட இடம் மொத்தென்னும். போன மாதம் எங்கும் கணீர். இன்று இடது இறக்கையின் அடியில், எஞ்சினை ஒட்டி, மூன்று சாண் நீளத்துக்கு மொத்தென்றது.

“எப்படிண்ணே?”

“வெள்ளிக்கெழம தவறாம, ஏசியிலருந்து வெயில்ல இழுத்துப் போட்டு போட்டோ புடிக்கிறாங்கள்ல? மனுசனுக்கே மண்ட வெடிக்கிது. மரம் என்னத்துக்கு ஆகும்?”

மேலாளர் ரகுநாதன் ஒரு தாளோடு வந்தார். நாளை செல்வந்தரின் பேரப்பிள்ளைகளை ஏற்றி, ஓடுபாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும். மரவேலை உறுதியாக இருக்கிறது என்று நீலா கையெழுத்திட வேண்டும்.

“இடது இறக்கையில பசை விட்டிருக்கு சார்.”

“தரையிலதானே ஓடப்போகுது நீலா? பறக்கவா போறோம்?”

“எஞ்சின் இறக்கையிலதானே சார் இருக்கு. முடுக்கினா அதிரும்.”

“அப்புறம் பாத்துக்கலாம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது. உங்க விசா அடுத்த மாசம் ரினியூ பண்ணணும், ஞாபகம் இருக்குல்ல?” சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

வளைகுடாவுக்கு வந்த பதினான்கு ஆண்டுகளில், நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்திட்டிருக்கிறாள். ஒருமுறை, ஊருக்குப் போக வேண்டிய லீவையே விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாள். ஏனென்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் தனக்குள்ளே என்ன ஆகும்? பயம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது பயமில்லை, மூடிய டப்பாவை முதன்முதலாகத் திறந்து பார்க்கும் குழந்தையின் ஆவல்.

தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

“இல்ல சார். நான் போடல.”