பதினேழாம் எண் எடை

பத்து டிகிரி சாய்ந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த விரலை எடுப்பதற்குத்தான் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சோதிக்கும் அந்தக் கூடத்தில் கால்மணியை விட்டால் ஆள் கிடையாது. இரண்டு மீட்டர் நீள மரக்கப்பலின் விளிம்பை அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி, விரல் விலகியது கப்பலுக்கே தெரியாதபடி விலக்குவார். லேசாகத் தள்ளிவிட்டாலும் கணக்கு நாசம். அதன் பிறகு கப்பல் இடமும் வலமுமாக ஆடி ஆடி எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்பதை உள்ளே இருக்கும் கருவி கணினித் திரையில் கோடாக வரையும். சீக்கிரம் அடங்கினால் நல்ல கப்பல். அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், பின்னால் கட்டப்போகும் நிஜக் கப்பலில் ஏறுகிறவர்களுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

ஒவ்வொரு முறை ஆட்டிய பிறகும் தொட்டித் தண்ணீரில் கடைசிச் சுருக்கம் மறையும்வரை அடுத்த ஆட்டம் கிடையாது. யார் அவசரப்பட்டாலும் "கால் மணி நேரம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். மனைவி கோபமாக எதையாவது கேட்டால் கால் மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும். அதற்குள் கோபம் இரண்டு மடங்காகியிருக்கும்.

இந்த முறை தொட்டியில் மிதந்தது எதிர்த் தீவுக்கு விடப்போகும் புதிய பயணிகள் கப்பலின் மாதிரி. அவருடைய ஒரே மகள் அந்தத் தீவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பழைய கப்பலில் ஒரே ஒரு முறை போய்வந்த மனைவி, இறங்கியதும் கரையிலேயே உட்கார்ந்து, இனிச் செத்தாலும் இதில் ஏறமாட்டேன் என்று சொன்னவள். சொன்னால் சொன்னதுதான். மகளைப் பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது மகளுக்கு மூன்றாம் மாதம். புதுக் கப்பல் வரட்டும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று மனைவி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட கப்பல் நாலே ஆட்டத்தில் நின்றது. வழக்கமாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். பொறியாளர் மேடம் நம்பாமல் மூன்று முறை ஆட்டச் சொன்னாள். மூன்று முறையும் நாலுதான். அன்றைக்கு வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், கால் விநாடியும் பொறுக்காமல் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் அப்போதே பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கப்பல் முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். ஆட்டத்தைக் குறைக்க அடிப்பக்கத்தில் நீளமாக வைக்கும் இரும்புப் பட்டைகளே வேண்டாமாம், திங்கட்கிழமை கையெழுத்தாம். இயக்குநர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். கால்மணியின் கண் கதவடியில் இருந்தது. காற்றில் டமார் டமாரென்று அடிக்கும் அந்தக் கதவு சமர்த்தாகத் திறந்தபடி நின்றது. முட்டுக் கொடுத்திருந்தது, மாதிரிக் கப்பலுக்குள் எடைக்கு வைக்கும் ஓர் இரும்புக் கட்டி. அதன் தலையில் அவரே மஞ்சள் பெயிண்டில் எழுதிய எண், பதினேழு.

மாதிரிக் கப்பலுக்கு எடை ஏற்றிய அன்று ஐந்து கிலோ குறைந்தது. பதினேழைக் காணோம். அலமாரி, மேஜையடி, குப்பைத்தொட்டி வரை தேடிவிட்டு, எடை எடைதானே என்று ஒரு பிளாஸ்டிக் கேனைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். ஒரு குவளை ஊற்றி, அரைக் கரண்டி எடுத்து, கிராம் பிசகாமல் ஐந்து கிலோ ஆக்கினார். பாதி நிறைந்த கேனைக் கப்பலுக்குள் குறுக்காகப் படுக்கவைத்தார். ஏட்டில் 'பதினேழு – சரி' என்று எழுதினார். கப்பல் இந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் கேனுக்குள் தண்ணீர் தாமதமாக வந்து எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது. கப்பல் எங்கே நின்றது, கேன்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

தொட்டியருகே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கேனை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது. மனைவி இறக்கிய பெட்டி கண்ணில் வந்தது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். தொட்டித் தண்ணீர் அடங்கித்தான் கிடந்தது, மனசு அடங்கவில்லை. எழுந்து போய் மேடத்திடம் சொன்னார்.

"தண்ணி கேனா, சார்?"

"அஞ்சு கிலோ மேடம். கிராம் பிசகாது."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பதினேழை எடுத்துவந்து கப்பலில் வைக்கச் சொன்னாள். எங்கோ இயக்குநர் அறைக் கதவு டமாரென்று அடித்தது. கால்மணி விளிம்பைப் பிடித்து, விரலை விலக்கினார். கப்பல் பதின்மூன்று ஆட்டம் ஆடியது. அவள் தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். தன்னைக் கூடவே வரச் சொல்லாததற்குக் கால்மணி மனசுக்குள் கும்பிட்டார்.

வீட்டில் மனைவி திறந்த பெட்டியின் முன் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த குட்டிச் சட்டையை மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"அந்தக் கேனை ஏன் எடுத்தீங்க?"

"அது இருந்தா கணக்கு தப்பும்மா."

"கணக்கு தப்பு, சரி. கப்பல் நின்னுச்சுல்ல? நிஜக் கப்பல்லயும் அப்படி ஒரு கேனை வச்சா என்ன?"

பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கால் மணி நேரம் போயும் பதில் வரவில்லை.

அதற்குள் அவள் துணி அலசும் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பிக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்திருந்தாள். அதில் நீளமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று மிதந்தது. அதற்குள் குறுக்காக அவருடைய டிபன் பாக்ஸ், பாதியளவு தண்ணீரோடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளிம்பில் விரலை வைக்கப்போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க. தண்ணி இன்னும் அடங்கல."

இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக டப்பின் ஓரத்தில் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.